டிம்மில் தெரிந்த கால்கள்

பிக்கப் வண்டி பட்டறைக்குள் நுழைந்தபோது மாலை நான்கு மணி. வண்டிக்கு இருபத்திரண்டு வயது, ஓட்டுநருக்கு ஐம்பத்தாறு. இரண்டில் எது அதிகம் களைத்திருந்தது என்று சொல்வது கடினம். இன்ஜினை அணைத்த பிறகும் வண்டி கொஞ்ச நேரம் உதறியது. இறங்கிய பிறகும் ஓட்டுநர் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

வாசல் பலகையில் ‘ஒளி மருத்துவர்’ என்று எழுதியிருந்தது. வண்டி விளக்குகளைப் பழுதுபார்க்கும் எலக்ட்ரீஷியன் தனக்குத் தானே வழங்கிக்கொண்ட பட்டம். முதலில் கேலிக்குத்தான் டாக்டர் என்று கூப்பிட்டார்கள். அவர் அதைக் கேலியாகவே எடுத்துக்கொள்ளாததால் கேலி செய்தவர்களுக்கு அலுத்துப்போய், அதுவே பெயராக நின்றுவிட்டது. வெள்ளைக் கோட்டு ஒன்றுதான் பாக்கி. அதையும் தைக்கக் கொடுத்திருந்தார்.

ஓட்டுநர் நோயைச் சொன்னார். விடியுமுன் ஐஸ் ஏற்றப் போகிற தொழில். பத்து மாதமாக இடது பக்க வெளிச்சத்தின் ஓரத்தில் யாரோ நிற்கிற மாதிரி தெரிகிறது. கிட்டே போனால் இல்லை. கண் போய்விட்டது, வண்டியை விற்றுவிட்டு வீட்டில் உட்காருங்கள் என்கிறாள் மனைவி. அடுத்த வாரம் லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை. கோளாறு கண்ணில் என்றால் முப்பது வருடப் பிழைப்பு அத்தோடு சரி.

“வெளக்குலதான் கோளாறுன்னு சொல்லுங்க, டாக்டர்.”

“வெளக்கேதாண்ணே. இது ஹெட்லைட்டா? காமாலை வந்த ரெண்டு கண்ணு.”

எல்.இ.டி. போட்டு, ரிலே வைத்து, புது வயர் இழுத்துவிட்டால் தன் வெளிச்சத்துக்கு முன்னால் எந்த இருட்டும் நிற்காது என்று டாக்டர் உறுதி கொடுத்தார். கேட்டுக்கொண்டே ஓட்டுநர் ஒரு டயர்மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்.

வலது விளக்கு வண்டியோடு வந்தது. இடது விளக்கு அப்படியல்ல. பத்து மாதம் முன்பு கண்ணாடி உடைந்ததால், காயலான் கடையில் நசுங்கிக் கிடந்த ஒரு வண்டியின் முகத்திலிருந்து கழற்றிக்கொண்டுவந்தது. டாக்டர் அதைக் கையில் எடுத்தார். கண்ணாடியில் ஐந்து விரல் தடம். துணியால் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். போகவில்லை.

தடம் உள்பக்கம் இருந்தது.

அந்த விளக்குக்குள் கை நுழைய வழியே கிடையாது.

“கம்பெனி தப்பு” என்றார் டாக்டர். அவருக்குப் புரியாததெல்லாம் எப்போதும் கம்பெனியின் தப்புதான். கழற்றிய பழசு பட்டறைக்கே என்பது அங்கே எழுதாத சட்டம். எதிர்ச் சுவரோரம் இருந்த அலமாரியில் அதை வைத்தார்.

புது விளக்குகள் ஏறின. மட்டம் பார்க்க இருட்டு வேண்டும் என்று ஷட்டரை இறக்கினார். சுவரில் சாக்பீஸால் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு கிழித்தார். டிம் போட்டால் வெளிச்சம் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. விளக்கைப் போட்டு, தன் கையை நீட்டி ஒரு பாடமும் நடத்தினார். “நெழல் சிறுசா இருந்தா ஆள் செவத்துப் பக்கம். பெருசானா லைட்டுப் பக்கம் வர்றான். இதாண்ணே சயின்ஸ்.”

கையை எடுத்தார்.

சுவரில் நிழலாக இரண்டு கால்கள் தெரிந்தன.

கோட்டுக்குக் கீழே, முழங்கால், கணுக்கால், ஒற்றைச் செருப்பு. மேலே இருட்டு. விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் யாரும் இல்லை. அலமாரிப் பக்கமிருந்து கருகிய ரப்பரும் நனைந்த இரும்பும் கலந்த வாடை வந்தது.

டாக்டர் பேசாமல் இருந்ததை அந்தப் பட்டறை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

“உங்களுக்கும் தெரியுதா?” என்று ஓட்டுநர் மெல்லக் கேட்டார்.

டாக்டரின் தலை மட்டும் ஆடியது.

ஓட்டுநர் நெடுமூச்சு விட்டார். பத்து மாதமாக நெஞ்சில் அடைத்திருந்த மூச்சு.

“அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

டாக்டரின் கை பிரைட் போட ஸ்விட்சுக்குப் போனது. போட்டால் முகம் தெரியும். ஓட்டுநர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “வேணாம். காலி ரோட்டுலயும் நான் டிம்முலதான் போவேன். ஏன்னு நினைக்கிறீங்க?”

கால்கள் பருத்தன.

முதலில் மரக்கிளை அளவு. பிறகு தூண் அளவு.

டாக்டர் தன் சயின்ஸை மறக்க முயன்றார். முடியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, ஷட்டரைத் தேடி இருட்டில் மூன்று முறை முட்டிக்கொண்டார். ஷட்டர் ஏறியது. வெளியே சாதாரண மாலை. யாரோ சைக்கிளில் போனார்கள். ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது அவர் அலமாரியை ஒரு முறை திரும்பிப் பார்த்ததை டாக்டர் கவனிக்கவில்லை.

மறுநாள் மாலை வேறொரு கார். அதே சுவர், அதே கோடு. ஷட்டரை இறக்காமல் மட்டம் பார்க்கலாமா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஓட்டுநர்.

“ரோடு சுத்தமா இருக்கு, டாக்டர். ஒருத்தரும் நிக்கல. ராசியான கை உங்களுக்கு.”

டாக்டர் குரலைச் சரிசெய்துகொண்டார். “அண்ணே, அந்தப் பழைய லைட்டு. வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுங்கண்ணே.”

அந்தப் பக்கம் ஒரு நீண்ட கொட்டாவி.

“அது உங்ககிட்டயே இருக்கட்டும். நிபுணர் கையில இருக்கறதுதான் நல்லது.”

போன் வைக்கப்பட்டது. ஷட்டர் தானாகச் சரிந்து இறங்கியது. கம்பெனி தப்பு என்று நினைக்கப் பார்த்தார். காரின் விளக்கும் தானே பிரைட்டில் எரிந்தது. டாக்டர் சுவரைப் பார்த்தார். கால்கள் இல்லை. கோடும் இல்லை. சுவர் முழுக்க, கூரைவரை ஒரே கருப்பு.

இவ்வளவு பெரிய நிழல் விழ ஆள் எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரும் விளக்குக்குப் பக்கவாட்டில், அதை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தார்.

காருக்குள் யாரும் இல்லை.

டிக்.

எதிரே ஆள் வந்தால் இறக்குகிற மாதிரி, வெளிச்சம் மரியாதையாக டிம்முக்கு இறங்கியது.