ஒன்பதாம் நிலையத்து நீர்

காலை ஆறு மணிக்கு 'நெய்தல்' கப்பல் ஒன்பதாம் நிலையத்தில் நின்றது. நிலையம் என்று பெயரே தவிர, அங்கே கடலைத் தவிர வேறெதுவும் இல்லை. நாகப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே, வரைபடத்தில் ஒரே கோட்டில் அப்படிப் பன்னிரண்டு புள்ளிகள். ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பல் அதே புள்ளிகளில் நின்று, குடுவைகள் பொருத்திய இரும்புச் சட்டத்தை அடிக்கடல் வரை இறக்கி, ஒவ்வோர் ஆழத்திலும் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளக்கும். இரண்டு புள்ளிகளுக்கிடையே நீரின் அடர்த்தி எப்படி மாறுகிறது என்று தெரிந்தால், நடுவே எவ்வளவு நீர் வடக்கே போகிறது என்று கணக்கிட்டுவிடலாம். அதற்கு ஓட்ட அளவு என்று பெயர்.

சட்டத்தை இறக்கி ஏற்றும் வின்ச்சை இயக்குபவர் லாசர். ஐம்பதைத் தாண்டியவர், முன்பு மீன்பிடித்தவர். கம்பிவடம் இறங்க இறங்க அவர் கேட்டார்: "இந்தத் தடவை ஓட்டம் தேறுமா மேடம்?"

"கோடு இன்னும் முடியலையே. முடிஞ்சாத்தான் சொல்ல முடியும் அண்ணே" என்றாள் அமுதினி.

பருவத்துக்குப் பருவம் திசை மாறிக்கொண்டிருந்த கரையோட்டம், அவள் பிறப்பதற்கு முன்பே ஆண்டு முழுதும் வடக்கு நோக்கி ஓடத் தொடங்கிவிட்டது. அது வேகமாக ஓடும்வரை கரையில் நீர் தாழ்ந்திருக்கும். தளர்ந்தால் ஊருக்குள் ஏறும். முன்கணிப்பு இயந்திரங்கள் இரண்டு முறை பொய்த்தபின் புதிய சட்டம் வந்தது. மனிதர் கப்பலில் போய் அளந்து, கையெழுத்திட்ட எண் மட்டுமே செல்லும். அளவு போதுமானதாக இருந்தால் கரையோரத்து நாற்பது ஊர்களுக்கும் தங்கல் ஆணை. குறைந்தாலோ, பன்னிரண்டில் ஒரு நிலையம் விடுபட்டாலோ, நாற்பது ஊரும் காலி. கையெழுத்திடும் உரிமை தலைமை அளவையரான அமுதினிக்கு.

சென்ற முறையும் அவள்தான். எட்டாம் நிலையம் முடிந்ததும் புயல் வந்து கப்பல் திரும்பிவிட்டது. மீதி நான்கு நிலையங்களுக்கும் அதற்கு முந்தைய அளவையின் எண்களை எடுத்து, சற்றே மாற்றி நிரப்பிக் கையெழுத்திட்டாள். ஒரு புயலுக்காக நாற்பது ஊர்ச் சனங்களைப் பெட்டி படுக்கையோடு கிளப்புவதா என்று அன்று நினைத்தாள். அதைக் கருணை என்றுதான் நம்பினாள். மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு நண்பகலில், நாற்பதில் ஒன்றான தாழைக்குப்பத்துக்குள் கடல் வந்தது. ஓட்டம் திடீரென்று சில நாள் தளர்ந்து மீண்டது, யாராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்றது விசாரணைக் குழு. அமுதினி அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே நான்கு ஆண்டுகளை ஓட்டினாள்.

இரும்புச் சட்டம் மேலே வந்ததும், ஆழத்துக் குடுவையிலிருந்து நீரெடுத்து ஆக்சிஜன் சோதனைக்கு உட்கார்ந்தாள். மருந்து கலந்ததும் வந்த மஞ்சள் நிறம், அதைப் போக்கும் கரைசலின் இரண்டாவது சொட்டிலேயே மறைந்தது. ஆக்சிஜன் அநேகமாக இல்லை. வேறு குடுவையில் பார்த்தாள், அதுவும் அப்படியே. ஓடும் நீரில் உயிர்க்காற்று இருக்கும். தேங்கிய நீரில் வருடா வருடம் அது குறைந்துகொண்டே போகும். எவ்வளவு போயிருக்கிறது என்பதை வைத்து நீர் எத்தனை ஆண்டாக நகரவில்லை என்று சொல்லலாம். மூன்று முறை கணக்குப் போட்டாள். ஒன்பது ஆண்டுகள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவள் கையெழுத்திட்டபோதே, இங்கே ஆழத்து ஓட்டம் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தேநீருடன் உள்ளே வந்த லாசர் அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன மேடம், உடம்புக்கு முடியலையா?"

அவருடைய ஊர் தாழைக்குப்பம் என்பது அவளுக்குத் தெரியும். கப்பலில் சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார். அதற்குமேல் அவள் எதுவும் கேட்டதில்லை.

"உக்காருங்க அண்ணே" என்றாள். புயல், திரும்பிய கப்பல், நிரப்பிய எண்கள் என்று எதையும் மறைக்காமல் சொன்னாள். "இந்த எடத்துல அன்னிக்கு அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் அளக்கல."

லாசர் தேநீரைக் கீழே வைத்தார். தேநீரில் ஆடை படிந்தது.

"தங்கலாம்னு ஆணை வந்தப்ப நாங்க வெடி வெடிச்சோம் மேடம். எம்பொண்டாட்டி ஸ்டெல்லா தெருவுக்கே பாயசம் வச்சுக் குடுத்தா. அளக்க முடியலன்னு நீங்க எழுதியிருந்தா எங்கள எழுப்பி விட்டுருப்பாங்க. ஊரே ஒங்களத் திட்டியிருக்கும். நானும்தான் திட்டியிருப்பேன். திட்டிட்டுப் போயிருப்போம். அவ இருந்திருப்பா."

அமுதினி மன்னிப்புக் கேட்பாள் என்று அவர் காத்து நிற்கவில்லை. "இன்னும் மூணு எடம் இருக்குல்ல" என்று எழுந்து போனார்.

அந்த மூன்று நிலையங்களிலும் லாசர் ஒரு மீட்டர் பிசகாமல் வடத்தை இறக்கினார். ஓட்டம் தேறுமா என்று மறுபடி கேட்கவே இல்லை.

ஓட்டம் தேறவில்லை. எண்களை உள்ளபடி எழுதி, தன் வாக்குமூலத்தையும் சேர்த்துக் கப்பலிலிருந்தே அனுப்பினாள். கரையேறிய வாரத்தில் அவளுடைய கையெழுத்து உரிமையை ஆணையம் பறித்தது. நாற்பது ஊர்களும் மேற்கே நகரத் தொடங்கின. இம்முறை யாரும் சாகவில்லை.

ஆணையத்தின் அறையில், கடைசித் தாளில் ஒப்பமிட்டபின், வேறேதும் வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார்.

"தாழைக்குப்பத்துப் பட்டியல் வேணும்" என்றாள். "இறந்தவங்க பேரு."

நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக அதைக் கேட்டாள். முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. நின்றபடியே முதலாவதிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.