ரப்பர் உறையில் ஒரு வளையம்

ஹப்சிகுடாவில் கொர்னேலியஸ் வீட்டு வாசலில் புது ஜீப்பை நிறுத்தி இறங்கிய சுபாஸ்ரீ, தெருவின் இரண்டு முனைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மணியை அடித்தாள்.

கொர்னேலியஸ் ரயில்வேயில் விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவர். வங்கியில் வேலை பார்க்கும் தங்கை மகள் அபிகாயில், துப்பறிவது என்றால் லீவு போட்டுவிட்டு வந்து நிற்பாள்.

"வண்டி வாங்கி மூணு வாரந்தானுங்க ஆச்சு," என்றாள் சுபாஸ்ரீ. "முன் சக்கரத்துப் பக்கம் ஆக்ஸில் 'பூட்'டை யாரோ கத்தியால அறுத்திருக்காங்கன்னு சனத்நகர் மெக்கானிக் மூணு நாளைக்கு முன்னாடி சொன்னாருங்க. ஆக்ஸில் இணைப்பை மூடுற ரப்பர் உறைங்க அது. கிரீஸெல்லாம் வெளிய வந்துருச்சு. அப்படியே மலைப்பாதையில போயிருந்தா..."

"யார் மேலம்மா சந்தேகம்?"

"என் வீட்டுக்காரர் தினேஷ் மேலதானுங்க. போன சனிக்கிழமை காலையில கடைக்குப் போய்ட்டு வந்தவரு சட்டை முதுகெல்லாம் மண்ணு. கையில கீறல். வழுக்கி விழுந்தேன்னாரு. பொய் சொன்னா அவருக்குக் காது சிவக்கும். சிவந்துச்சுங்க. அனந்தகிரி மலையில நான் ஓட்டி வண்டி சாஞ்ச அன்னைக்கே, 'இது உன்னை ஒருநாள் கொல்லும்'னாரு. பெட்டியோட வந்திருக்கேன். சாயங்காலம் அம்மா வீட்டுக்கு ரயில் ஏறுறேன்."

"ஹவ், ஆமா மாமா, கேஸ் முடிஞ்சது!" என்று துள்ளினாள் அபிகாயில்.

"நக்கோ அபி, அவசரம் வேண்டாம்." அவர் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். அங்கிருந்தே கேட்டார்: "எல்லா வண்டியிலயும் முன்னாடி எலுமிச்சை, மிளகாய் தொங்குமே. இதுல இல்லையே?"

"ஷோரூம்ல கட்டினாங்க. மூடநம்பிக்கைன்னு நான்தான் அறுத்துப் போட்டேன். அவரு என்னைவிடப் பெரிய பகுத்தறிவாளருங்க."

"அவரை வரச் சொல்லு."

ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து தினேஷ் வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று. அவன் பைக் சத்தம் கேட்டதும் சுபாஸ்ரீ அபிகாயிலின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கட்டிய கணவனைப் பார்த்து இப்படியா ஒளிவது என்று அவளுக்கே அழுகை முட்டியது.

"வெட்டு ஒரே கோடா, உறையைச் சுத்தி முழு வளையமா ஓடுது," என்றார் கொர்னேலியஸ். "அந்த இடுக்குல கத்தி பிடிச்ச கை முழுசா சுத்தி வர முடியாது. அப்போ சுத்தினது கை இல்லை, உறைதான். பக்கத்துல ஏதோ கூர்முனை அசையாம நின்னிருக்கு. சக்கரம் ஓட ஓட ரப்பர் தானா அறுபட்டிருக்கு."

உள்ளங்கையை விரித்தார். ஒரு துண்டுக் கம்பி, கொஞ்சம் கரி, கிரீஸில் ஒட்டிய மிளகாய் விதைகள்.

"சனிக்கிழமை சிக்னல்ல எலுமிச்சை, மிளகாய், கரியைக் கம்பியில கோத்து விக்கிறாங்களே, அதுதான். வண்டிக்கு அடியில ஸ்டியரிங் கம்பியோட கட்டியிருக்கு. பழம் எப்பவோ விழுந்துருச்சு, கோத்த கம்பி மட்டும் உறையில உரசிட்டே நின்னுடுச்சு."

"அக்காவைக் கொல்லவா மாமா?"

"கொல்லப் போறவன் எதுக்குத் திருஷ்டி கழிக்கிறான், பைத்தியமே!"

தினேஷின் காது ரத்தமாய்ச் சிவந்திருந்தது. "முன்னாடி கட்டினா அறுத்துருவா. பார்த்தா சிரிப்பா," என்றான் தலையைக் குனிந்தபடி. "வண்டி சாஞ்சதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க. வெட்கமாத்தான் இருந்துச்சு. கட்டாம இருக்க முடியலை."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த வீட்டில் அரண்டவர்கள் இரண்டு பேர். சுபாஸ்ரீ சிரித்துக்கொண்டே அழுதாள்.

"இனிமே நூல்ல கட்டுப்பா, முன்னாடியே கட்டு," என்றார் கொர்னேலியஸ். "இப்போ புது உறையை மாட்டுங்க, உள்ள இருக்குற இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்க."

தன் தோள்பையை வைக்க ஜீப்பின் பின்கதவைத் திறந்த தினேஷ் அப்படியே நின்றான்.

"சுபா, பெட்டி எதுக்கு?"

சட்டென்று ஒரு பொய் வாய்வரை வந்தது. அவன் சொன்ன ஒரு பொய்யால் பட்டதே போதாதா? மூன்று நாளாக அவனுக்குப் பயந்தவள், உண்மை அவனை நொறுக்கிவிடுமோ என்று இப்போதுதான் நிஜமாகவே பயந்தாள்.

"உங்களுக்குப் பயந்துங்க," என்றாள்.