தீவா, கரையா?

ஞாயிறு, காலை 7.05.

தாகேதாவில் தன் வீட்டுச் சாமி அலமாரியில் விளக்கேற்ற வந்த கனகாம்பாள், நெருப்புக்குச்சியைக் கிழிக்காமலே நின்றுவிட்டாள். மகன் பாலசந்தரின் படம் இருந்தது. படத்துக்கு முன்னால் வைத்திருந்த கைக்கடிகாரம் இல்லை.

நேரம் பார்க்க வாங்கிய கடிகாரம் அல்ல அது. கடலுக்கடியில் முங்குகிறவர்கள் கட்டிக்கொள்வது. எத்தனை தடவை இறங்கினார்கள், எவ்வளவு ஆழம், எத்தனை நிமிஷம் என்று எல்லாவற்றையும் தனக்குள் பதிந்து வைத்துக்கொள்ளும். பதினோரு மாதத்துக்கு முன்னால், மெயிக் கடலில், நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குப் பாலசந்தர் செத்துப்போனபோது அவன் மணிக்கட்டில் இருந்தது அதுதான்.

காலை 9.10.

லான்மடாவிலிருந்து ஹமீதுன்னிசா வந்து சேர்ந்தாள். வயது ஐம்பத்திரண்டு. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவள். திங்கட்கிழமைதான் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து, "முகப்பு உடைஞ்சு போச்சு. ஆனா உள்ளே பதிஞ்சது இருக்கு. கம்ப்யூட்டர்ல மாட்டிப் படிக்கறதுக்குத் தனிக் கம்பி வேணும்" என்று சொல்லியிருந்தாள். போலீசுக்குப் போகிற காலமா இது? அதனால்தான் கனகாம்பாள் இவளைக் கூப்பிட்டாள்.

"கடைசியா எப்போ பாத்தீங்க அக்கா?"

"நேத்து நாலு மணிக்கு. புள்ளைங்க மூணும் கூடி உக்காந்து பேசினப்போ இருந்துச்சு. அஞ்சரைக்குக் கரண்டு போச்சு. வந்தப்போ கெளம்பிட்டாங்க. நான் அலமாரிப் பக்கம் திரும்பிப் பாக்கல."

பேசியது வருஷத் திதிக்கு எந்தக் கடலுக்குப் போவது என்று. ஒத்துவராத கூட்டம் அது. பாலசந்தரின் நண்பர்கள் இருவரில், கோபிகிருஷ்ணன் இருபது ஆள் ஆழத்துக்கு முங்குவான். உஸாமா இப்போதுதான் கற்றுக்கொள்கிறான். மருமகள் இந்துமதிக்கு நீச்சலே தெரியாது. கரை விடுதி என்றால் முழங்கால் தண்ணீர், எல்லாருக்கும் நிம்மதி. தீவு விடுதி என்றால் மூன்று மணி நேரப் படகு. ஆனால் பாலசந்தர் போனது அங்கேதான். கடிகாரத்தைப் படிக்கும் கம்பி வைத்திருக்கிற பயிற்சியாளர் இருப்பதும் அங்கேதான். நேற்று தீவு என்று முடிவாயிற்று.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமா? கோபிதான்! கூட முங்கினவன் அவன். 'நான் கவனிக்காம விட்டுட்டேன்'னு அவனே அன்னைக்கு எங்கிட்டச் சொன்னான். எத்தனாவது நிமிஷத்துல எம்புள்ளைய விட்டுட்டு மேல வந்தான்னு அந்த வாட்ச்சு சொல்லிரும். பதினொரு மாசம் வாசப்படி ஏற விடல. நேத்துதான் உள்ளே விட்டேன். புத்தியைக் காட்டிட்டான். சாயங்காலத்துக்குள்ள வாட்ச்சு வரலேன்னா, இன்சீன்ல அவன் வேலை பாக்கற பட்டறை வாசல்ல நின்னு கத்துவேன். அவன் அங்க தலை நிமிந்து நடக்கக் கூடாது."

இந்துமதி வெறுங்காலோடு சத்தமில்லாமல் வந்து, தேநீரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"வீட்டுக்குள்ள தேடினீங்களா?"

"அரிசி டின்னைக் கூடக் கொட்டிப் பாத்தாச்சு."

ஹமீதுன்னிசா அண்ணாந்து பார்த்தாள். அலமாரி உச்சியில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை.

"அது?"

"அதை விடு. பத்தாம் நாளு இவகிட்டேயிருந்து கழட்டினது. நான் அன்னைக்கு நெனவில்லாம கெடந்தேன், இவளே மூட்டை கட்டி வெச்சா. அதை யாரும் தொட மாட்டோம்."

சுவரில் ஒரு புகைப்படம். படகின் ஓரத்தில் பாலசந்தரும் இந்துமதியும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் படம். ஹமீதுன்னிசா பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தாள். தொழில் புத்தி, முதலில் அவன் மணிக்கட்டுக்குத்தான் கண் போயிற்று. மணி 10.40. பிறகு முகம். ஈரத் தலை. கண்ணைச் சுற்றி, முங்கும் கண்ணாடி அழுத்திய சிவப்புத் தடம்.

"ரெண்டு கால்லயும் கொலுசு அழகா இருக்கு" என்றாள்.

"எங்க அம்மாவோடது. ஒரு மணி உதிராம காப்பாத்தி இவ கால்ல போட்டேன். கடலுக்குப் போட்டுட்டுப் போகாதேன்னேன். கேட்டாளா?"

நண்பகல் 12.30.

சுற்று ரயிலில் இன்சீன் போனாள். நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் கோபிகிருஷ்ணன் காத்திருந்தான். முப்பத்து மூன்று வயதுக்கு நரை அதிகம்.

"வாட்ச்சை எடுத்தியா தம்பி?"

"இல்ல, டோ நிசா" என்றான். மூத்த பெண்ணை அந்த ஊரில் 'டோ' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"அன்னைக்கு எத்தனை தடவை கடல்ல எறங்கினீங்க?"

"ஒரு தடவைதான். பதினொண்ணரைக்கு."

"பத்து நாப்பதுக்கே பாலு முகத்துல கண்ணாடித் தடம் இருக்கே."

அவன் தேநீரைக் கலக்கினான். கலக்கிக்கொண்டே இருந்தான்.

"உன் ஓட்டு எதுக்கு?"

"தீவுக்கு. மொதல்லேருந்து தீவுதான்."

"கம்பி அங்க இருக்குன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுந்தான்."

"அப்போ வாயைத் தொறந்து சொல்லேன்."

"வாயி வாக்கு குடுத்திருச்சு. வாட்ச்சு குடுக்கல."

போனை அவள் பக்கம் நகர்த்தினான். நண்பர்கள் மூவரும் விடுதி தேர்ந்தெடுத்த பேச்சு அதில் இருந்தது. செவ்வாய்க்கிழமை வரை இந்துமதி, 'தீவுதான். அவர் போன இடத்தைப் பார்க்கணும்.' உஸாமா, 'கரை.' அன்று இரவு 8.15க்கு உஸாமா எழுதியிருந்தான்: 'தீவில் கம்பி இருக்கிறதாம். அம்மாவுக்காக நானும் தீவு.' 8.37க்கு இந்துமதி: 'எனக்குக் கடலே பயமாக இருக்கிறது. கரையே போதும்.'

இருபத்திரண்டு நிமிஷம். ஹமீதுன்னிசா இரண்டு தடவை படித்தாள். சில பழுதுகளைத் திறக்காமல் விடுவதே நல்லது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இவன் நரைத்த தலையைப் பார்த்தாள், விட மனம் வரவில்லை.

மாலை 3.20.

மறுபடி தாகேதா. ஹமீதுன்னிசா பேசாமல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"நிசா! அதைத் தொடாதேன்னேனே!"

"உங்களுக்குத்தான் அக்கா அந்த வழக்கம். எங்க வீட்டுல கிடையாது. நான் தொடலாம்."

மூட்டையைத் தரையில் வைத்துப் பிரித்தாள். சிவப்புக் கண்ணாடி வளையல். சருகாய்ப்போன பூச்சரம். மெட்டி இரண்டு. நடுவில், உடைந்த முகப்போடு கடிகாரம்.

இந்துமதி சமையலறை வாசலில் நின்றாள். ஓடவுமில்லை, அழவுமில்லை.

"நேத்து இருட்டுல நீ எடுத்தது" என்றாள் ஹமீதுன்னிசா. "கோபிக்குப் பயமிருந்தா கம்பி இருக்கற எடத்துக்கு ஓட்டுப் போடுவானா? கம்பின்னு தெரிஞ்சதும் தீவுலேருந்து கரைக்கு மாறினது நீ ஒருத்திதான். இந்த வீட்டுல ஒரு கை படாத எடம் இது ஒண்ணுதான். அதை நீயே கட்டி வெச்சே."

"ஏண்டி?" என்றாள் கனகாம்பாள். "எம்புள்ளை எப்படிச் செத்தான்னு நான் தெரிஞ்சுக்கக் கூடாதா?"

"இதைப் பாருங்க அக்கா." ஹமீதுன்னிசா மூட்டையிலிருந்து ஒரு கொலுசை எடுத்தாள். "மெட்டி ரெண்டு இருக்கு. கொலுசு ஒண்ணுதான். பத்து நாப்பதுக்குப் படத்துல ரெண்டு. தாலி அறுத்தவ காலைப் பாத்து, கொலுசு எங்கேன்னு யாரு கேப்பா? அதனாலதான் இத்தனை மாசம் யாரு கண்ணுலேயும் படல. அன்னைக்கு ரெண்டு தடவை எறங்கினாங்க. மொதல் தடவை பாலுவும் கோபியும் போயி நல்லபடியா வந்துட்டாங்க. ரெண்டாவது தடவை உங்க புள்ள தனியாப் போனான். வாட்ச்சு அதைத்தான் சொல்லும். சரிதானே இந்து?"

"கோபி அண்ணன் தூங்கிட்டிருந்தாரு" என்றாள் இந்துமதி. "தண்ணியில காலை ஆட்டிட்டிருந்தேன். கொலுசு கழண்டு விழுந்துருச்சு. நான் அழுதேன். பழைய சிலிண்டர்ல கொஞ்சம் காத்து இருக்கு, அஞ்சு நிமிஷத்துல வந்துருவேன்னு சிரிச்சுட்டே போனாரு. வரல. நான் கத்தித்தான் கோபி அண்ணன் எழுந்து குதிச்சாரு. அவர் காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன், அத்தைகிட்டச் சொல்லாதீங்கன்னு. பழியைத் தானே ஏத்துக்கிட்டாரு."

"ஒரு கொலுசுக்கா?" என்றாள் கனகாம்பாள். "வெறும் வெள்ளி! போனாப் போகுதுன்னு விட வேண்டியதுதானே? அதுக்கா எம்புள்ளையக் கடல்ல எறக்கினே?"

இந்துமதி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பதினோரு மாதமாக மூடியிருந்த வாய் அது.

அந்த மௌனத்தில்தான் கனகாம்பாளுக்கு ஞாபகம் வந்தது. மெயிக் பஸ் கிளம்புகிற நேரம். ஜன்னலில் இருவர் முகம். கீழே நின்று தான் சொன்னது: 'கொலுசுல ஒண்ணு குறைஞ்சாலும் வாசப்படி ஏறாதே.' பாலசந்தர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே சொன்னாள்.

"நான் சொன்னதுக்கா?"

"அத்தை, வேண்டாம்."

"நான் சொன்னதுக்காகவா போனான்?"

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் எடுத்தேன். என்னைத் திட்டுங்க, போதும்."

கனகாம்பாள் திட்டவில்லை. மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஒற்றைக் கொலுசை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். மகன் செத்த அன்றுகூட இப்படி அழவில்லை. அன்று கோபப்பட ஓர் ஆள் இருந்தான். ஹமீதுன்னிசாவுக்கும் கண் கலங்கியது. நியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிறைவு கொஞ்சமும் அவளுக்கு இல்லை.

மாலை 4.45.

"இந்து, அந்தக் கோபிக்குப் போனைப் போடு."

மணி அடித்தது. கோபி எடுத்தான். கனகாம்பாள் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை அவளுக்குப் பழக்கமில்லை.

"கோபி" என்றாள் கடைசியில். "நானும் வரேன்."

"அம்மா?"

"அந்தத் தீவுக்குத்தான். எனக்கு முட்டி வலி. படகுல ஏற அங்க படி இருக்கான்னு கேட்டுச் சொல்லு." மூச்சு வாங்கினாள். "இல்லேன்னா நீதான் கையைப் பிடிச்சு ஏத்தணும்."