இருபது நிமிடம்

புத்தகத்தை மூடிய பிறகும் அஜிஷாவின் கண்கள் வாசித்துக்கொண்டிருந்தன. வலது ஓரம்வரை ஊர்ந்து, சட்டென்று இடதுக்குத் திரும்பி, மறுபடி ஊர்ந்தன. எதிரே இருந்தது வெள்ளையடித்த வெறும் சுவர்.

எழுத்தெல்லாம் நழுவுகிறது என்று அழுதே பத்தாம் வகுப்புவரை வந்த மகள், இந்த இரண்டு வாரமாக மணவாளக்குறிச்சி பஸ் போர்டையும், மருந்துச் சீட்டையும், அப்பா மத்தியாஸ் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய நீளமான செய்தியையும் தடுக்காமல் வாசித்தாள். அம்மா செசிலிக்கு வயிறு குளிர்ந்துபோயிருந்தது. டாக்டர் கொடுத்த பெட்டிதான் காரணம். உப்புத்தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சைத் தலையில் வைத்துப் பட்டை கட்டி, லேசாகக் கரண்ட் விட வேண்டும். தினம் இருபது நிமிடம், அதற்குமேல் கூடாது என்றார். பிள்ளை அசையாமல் இருப்பது சாயங்கால ஜெபமாலைக்கு மட்டும்தான். ஆகவே முதல் மணியை உருட்டும்போது சுவிட்சைப் போட்டு, ஜெபம் முடிந்ததும் அணைத்தாள். அக்டோபர் பிறந்தது, ஜெபமாலை மாதம். மன்றாட்டு, கடலில் இருப்பவர்களுக்கு, மரித்தவர்களுக்கு என்று ஜெபம் ஒரு மணி நேரமாக நீண்டது. பட்டையும் தலையிலேயே இருந்தது. நான்காம் நாள், இருபது நிமிடம் தாண்டுவது உறைத்தபோது கழற்ற மனம் வரவில்லை. பிள்ளை வாசிக்கிறாளே.

இப்போது மெழுகுவர்த்திப் புகையோடு சூடான ஸ்பாஞ்சின் வாடை அறையில் நின்றது.

"என்னத்தப் பாக்குத மக்கா?"

"வாசிக்கேம்மா."

"சொவர்ல ஒண்ணும் இல்லியே."

"நெறைய இருக்கு. நிறுத்த ஒக்கல்லம்மா. கண்ணு எரியுது."

செசிலி பட்டையை உருவினாள். பெட்டியை அணைத்து பேட்டரியையும் பிடுங்கினாள். கண்கள் நிற்கவில்லை. உள்ளங்கையால் இமைகளை மூடினாள். கைக்கு அடியில் இரண்டும் ஓடின. இடம். வலம். இடம்.

மாதாவே, இவ வாசிக்கவே வேண்டாம், எம் பிள்ளையத் திருப்பித் தா என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"மாதாவே, இவ வாசிக்கவே வேண்டாம், எம் பிள்ளையத் திருப்பித் தா" என்றாள் அஜிஷா, வகுப்பில் பாடம் வாசிக்கும் குரலில்.

செசிலி கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"ஆனா பரீட்சைக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கே" என்று மகள் தொடர்ந்து வாசித்தாள்.

அதைச் செசிலி நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் நம்பினாள்.

"அம்மா பேட்டரியைத் திரும்பப் போடுகிறாள்."

போட்டிருந்தாள்.

"அம்மா பட்டையைக் கட்டுகிறாள்."

விரல்கள் அவளுடையவைதான். சொன்னபடி கேட்கவில்லை. அஜிஷாவின் மூடிய இமைகளிலிருந்து கண்ணீர் வழிந்து வாய்க்குள் இறங்கியது. வாய் மட்டும் அடுத்த வரியை வாசித்தது.

"அம்மா அழுதுகொண்டே சுவிட்சை முடுக்குகிறாள்."