இளையவள் கோட்டு

ஐஸ் கிடங்கில் மூத்தவள் வேலைக்குச் சேர்ந்த நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. ரோட்டிலிருந்து வந்தவள் முன்னறையில் காலை வைத்ததும் முதுகு வியர்வை சில்லென்று ஒட்டிக்கொண்டது. எதிரே விளிம்பெல்லாம் ரப்பர் வைத்த கனத்த இரும்புக் கதவு. அதற்குப் பின்னால்தான் மீன் பெட்டிகள் அடுக்கிய குளிர் அறை. கதவோரம் ஒரு காலி நாற்காலி. அதற்கு மேலே சுவரில் வரிசையாய் ஆணிகள், ஆணிக்கொரு பஞ்சுக் கோட்டு.

"உன் கோட்டு அந்தக் கடைசி ஆணி," என்றார் மேஸ்திரி. "ரெண்டு பேராத்தான் உள்ளே போகணும். தனியா யாரும் போகக்கூடாது. விரல் மரத்துப்போச்சுன்னா உடனே வெளியே. வீரத்தையெல்லாம் வீட்டோட வச்சுக்க."

மூத்தவள் தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்காரப் போனாள். சுற்றி நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது கதவம்மாவோட நாற்காலி, அக்கா," என்றாள் இளையவள் மெதுவாக. "இருங்க, வேற எடுத்துட்டு வரேன்."

இளையவள் மூத்தவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்படி. அவள் இங்கே முன்பே வேலையில் இருந்தாள். "எங்க அக்காவுக்கும் ஒரு வேலை போட்டுக் குடுங்க" என்று மேஸ்திரியிடம் பேசி இடம் வாங்கித் தந்ததும் அவள்தான். அந்த உபகாரமே மூத்தவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

முள் ஒன்றா, இரண்டா? மாமியாருக்குத் தாகம் எடுத்தால் வாயில் வருவது சின்ன மருமகள் பெயர். கொழுந்தன் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறான் என்றால் கட்டியவன், போகட்டும். மூத்தவளைக் கட்டியவரும் அல்லவா, "அவ பேசுற மாதிரி நீயும் கொஞ்சம் தன்மையாப் பேசினா என்ன?" என்கிறார்! இளையவள் யாரையும் மயக்கவில்லை. விழுந்தவரைப் பார்த்தால் "வலிக்குதா?" என்று கேட்பாள், சாப்பிடாதவரைப் பார்த்தால் "ஏன் சாப்பிடல?" என்பாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அதையே மூத்தவளும் செய்யலாம். ஆனால் அவள் செய்ய எழும்புவதற்குள் இளையவள் செய்து முடித்திருப்பாள்.

கதவம்மாவின் கதையை அன்றைக்கே மற்றப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். குளிர் அறைக் கதவைத் திறந்து மூடுவதுதான் அவள் வேலை. பிள்ளை குட்டி இல்லை, உறவு என்று சொல்ல ஒரு நாதி இல்லை. ஈரத்திலேயே உட்கார்ந்து இரண்டு முழங்காலும் வீங்கிப்போனவள். ஓய்வு நேரத்தில் இளையவள் அந்த முழங்காலுக்குத் தைலம் போட்டு அமுக்கிவிடுவாள். பதிலுக்குக் கதவம்மா என்ன தருவாள்? அவளிடம் இருந்தது உடம்புச் சூடு ஒன்றுதான். இளையவள் உள்ளே போகும் முறை நெருங்கினால் அவள் கோட்டை எடுத்துத் தான் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு கழற்றிக் கொடுப்பாள். கோட்டு கதகதவென்று இருக்கும்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தாள். இளையவள் கோட்டோடு.

"அந்தக் கோட்டைத் தூக்கிப் போடலியா?" மூத்தவள் கேட்டாள்.

"எதுக்குப் போடணும்? இப்பவும் சூடாத்தானே இருக்கு," என்றாள் ஒருத்தி.

"விளையாடாதீங்க."

"தொட்டுப் பாரேன்."

தொட்டாள். இளையவள் கோட்டின் உள்பக்கம், குஞ்சுகளை விட்டு இப்போதுதான் எழுந்த கோழியின் அடிவயிறுபோல இருந்தது. பக்கத்து ஆணியில் மேஸ்திரியின் கோட்டைத் தொட்டாள், சில்லென்றிருந்தது. தன் கோட்டைத் தொட்டாள். நனைந்த கல்.

"செத்தும் ஒரு ஆள் இவளுக்கு வேலை பாக்குது," என்று சிரித்தார் மேஸ்திரி. "நமக்கெல்லாம் உயிரோட இருக்கிறவளே பாக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். பயந்திருக்க வேண்டிய மூத்தவளுக்குப் பயம் வரவில்லை. வயிறு எரிந்தது. செத்தவளுக்கும் இவளைத்தான் பிடித்திருக்கிறது!

அதற்குப் பிறகு கோட்டு மாட்டும்போதெல்லாம் அவள் ஓரக்கண்ணால் இளையவளையே பார்த்தாள். இளையவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டையில் உதட்டை வைத்து ஏதோ முணுமுணுப்பாள். என்னைப் பற்றித்தான் கோள் மூட்டுகிறாள் என்று மூத்தவள் முடிவு கட்டினாள்.

ஒரு தடவை இளையவளே கேட்டாள். "உங்க கோட்டு ரொம்பச் சில்லுனு இருக்குல்லக்கா? இன்னிக்கு என்னோடதைப் போட்டுக்கோங்க."

"ஒருத்தி போட்ட மிச்சம் எனக்கு எதுக்கு?"

கொடுத்தபோது வாங்கவில்லை. வாங்காதது ராத்திரியெல்லாம் உடம்பில் ஊறிக்கொண்டிருந்தது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது ஒரு நாள் காலை நின்றது. வாசல்படியில் மூத்தவளின் மகள் தடுக்கி விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம். மூத்தவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள். குழந்தை அந்தக் கைகளுக்கு அடியில் குனிந்து நழுவி, "சித்தி!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடியது.

விரித்த கைகளை மடக்க மறந்து மூத்தவள் அப்படியே நின்றாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "வண்டி வந்திருக்கு, இன்னும் ஒரு பெட்டி வேணும். யாராவது ரெண்டு பேர் போங்க!"

முன்னறையில் மூத்தவள் மட்டும் இருந்தாள். இளையவள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். மூத்தவள் எழுந்தாள். தன் ஆணியைத் தாண்டிப் போனாள். இளையவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவை இழுத்துத் திறந்து உள்ளே போனாள்.

ரப்பர் விளிம்பு பெருமூச்சு விடுவதுபோல் கதவு மூடிக்கொண்டது.

உள்ளே ஒற்றை மஞ்சள் பல்பு. அதன் கீழே வெள்ளைப் புகை அசைந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கூரைவரை பெட்டிகள், நடுவே ஒடுக்கமான சந்து. எங்கோ மேலே காற்றாடி இரைந்துகொண்டே இருந்தது. அவ்வளவு மீன் இருந்தும் மீன் வாடை கிடையாது. அந்தக் குளிரில் எந்த வாடையும் செத்துவிடும்.

ஆனால் அவளுக்குக் குளிரவில்லை. கோட்டின் சூடு முதுகில் ஏறித் தோளில் பரவி நெஞ்சில் வந்து சேர்ந்தது. பின்னாலிருந்து யாரோ அணைத்துக்கொண்டதுபோல் இருந்தது. தன்னை யாராவது இப்படி அணைத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்தாள். நினைவுக்கு வரவில்லை. கண்ணில் நீர் வந்து இமையிலேயே உறைந்தது.

அப்போது தைல வாடை வந்தது.

காற்றாடி நின்றது.

கழுத்துப் பட்டைக்குள், காதுக்குக் கீழே, யாரோ மூச்சு விட்டார்கள்.

"வந்துட்டியா கண்ணு?"

ஓடியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஆனால் அவளைக் 'கண்ணு' என்று கூப்பிட அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? மூத்தவள் தன் கட்டைக் குரலை ஒடுக்கி, இளையவளின் மெல்லிய குரலில் சொன்னாள்.

"வந்துட்டேன்."

கோட்டு இன்னும் கொஞ்சம் இதமாக இறுகியது.

"நெஞ்சு ஏன் இப்படி அடிச்சுக்குது? அவ ஏதாச்சும் சொன்னாளா?"

"எவ?"

"உங்க வீட்டு மூத்தவதான். வேற எவ?"

மூத்தவள் கோட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"நீ சொல்ல மாட்டே. தினம் வந்து அவளுக்காகத்தானே கெஞ்சுறே. 'பாவம் கதவம்மா, எங்க அக்காவை யாரும் கொண்டாடல, அவங்க கோட்டையும் கொஞ்சம் சூடு பண்ணுங்க'ன்னு. எனக்கு அதான் ஆகல. எங்கிட்ட வந்துட்டு அவ பேச்சு எதுக்கு?"

கழுத்துப் பட்டையில் உதட்டை வைத்து இளையவள் முணுமுணுத்தது இதைத்தானா?

"அவ கோட்டை நான் தொட மாட்டேன். எனக்குன்னு இருந்தது நீ ஒருத்தி. உன்னைப் பங்கு போட மாட்டேன் கண்ணு."

மூச்சு காதுக்கு இன்னும் நெருங்கி வந்தது.

"அவ மட்டும் ஒரு நாள் இங்க தனியா வரட்டும்."

எட்டி உதைத்தால் படும் தூரத்தில்தான் கதவு இருந்தது. மூத்தவள் ஓசைப்படாமல் ஒரு காலைப் பின்னால் நகர்த்தினாள்.

"எங்க போறே? முழங்கால் குடையுது. அமுக்கி விடு."

அவள் எழுப்பாமலே அவள் வலது கை எழும்பியது. கோட்டின் கைப்பகுதி அதைத் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய முழங்காலில் வைத்தது. உள்ளங்கைக்கு அடியில் இருந்தது அவள் முழங்கால் அல்ல. பொதபொதவென்று வீங்கிய, ஐஸ் மாதிரி குளிர்ந்த வேறு யாருடைய முழங்காலோ. மூத்தவளுக்கு அமுக்கத் தெரியாது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு பிழி பிழிந்தாள்.

மூச்சு நின்றது.

"இல்லியே."

பல்பு ஒரு தரம் மங்கி எரிந்தது.

"நீ அவ இல்லியே."

சூடு மொத்தமும் ஒரே இழுப்பில் போனது. இடது கைப்பகுதி முறுக்கிக்கொண்டு அவள் இடது கையை நெஞ்சோடு கட்டியது; வலது கை முழங்காலிலேயே மாட்டிக்கொண்டது. பொத்தான்கள் ஒவ்வொன்றாக, கீழிருந்து மேலே, தாமாகப் பூட்டிக்கொண்டன. கடைசிப் பொத்தான் தொண்டைக் குழியை நெரித்தது.

"திருடி. எல்லாரும் அவளையே கேக்குறீங்க. எனக்குக் கிடைச்ச ஒண்ணையும் பிடுங்க வந்துட்டே. ஏன், அவளுக்குத்தான் எல்லாரும் இருக்காங்களே. எனக்கு யாரு? எனக்கு யாரு?"

முழங்காலில் மாட்டியிருந்த விரல்கள் மட்டும் இன்னும் அசைந்தன. மூச்சு முட்டுகிற அந்த நேரத்தில் மூத்தவளுக்கு ஒன்று உறைத்தது. இந்தக் குரல் அவளுக்குப் புதிதல்ல. அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைக்கும்போதெல்லாம் தனக்குள்ளே கேட்கிற குரல். சொல்கூட அதே சொல். எனக்கு யாரு?

பாவி, இவளும் என்னை மாதிரிதான்.

"ஆமா," என்றாள், சொந்தக் குரலில். "நான் மூத்தவதான்." பிறகு, வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள். "ரொம்ப வலிக்குதா?"



விரல்களைத் தளர்த்திக்கொண்டாள். பிழியாமல், சும்மா உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினாள். "இங்கயா?"

வெள்ளைப் புகை அசையாமல் நின்றது.

"எந்த இடம்னு சொன்னாத்தானே தெரியும்."

விருப்பமே இல்லாமல், கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து வந்தது.

"கொஞ்சம் கீழ."

கீழே அழுத்தினாள். தொண்டைப் பொத்தான் ஒரு நூல் இளகியது. அதற்குள் அவளுக்குக் கண் இருண்டுகொண்டு வந்தது.

கதவு திறந்து வெளிச்சம் வெட்டியது. "அக்கா!" இளையவள், மூத்தவளின் சில்லிட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு, ஓடி வந்தாள். உறைந்த பொத்தான்களில் வாயை வைத்து ஊதினாள். நகம் பிய்ந்தது. "விடுங்க கதவம்மா. அவங்க எங்க அக்கா. விடுங்கம்மா." பொத்தான்கள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. தான் போட்டிருந்ததையும் உருவி மூத்தவளைச் சுற்றி, வெறும் ரவிக்கை சேலையோடு அந்தக் குளிரில் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இளையவள் கோட்டு உள்ளேயே தரையில் கிடந்தது. பிறகு மேஸ்திரி ஆளைக் கூட்டிக்கொண்டு போய்த் தேடினார். எந்தப் பெட்டிக்கு அடியிலும் அது இல்லை.

அன்று சாயங்காலமே இளையவளுக்குக் காய்ச்சல் கண்டது. மாமியார் புலம்பினாள், கொழுந்தன் மருந்து வாங்க ஓடினான். குழந்தை சித்தியின் தலைமாட்டை விட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் பாட்டியோடு வெளியே போனது. விளக்கு வைத்த நேரம். அறையில் மூத்தவளும் இளையவளும் மட்டும்.

"உன் கோட்டை நான் திருடிட்டேன்," என்றாள் மூத்தவள்.

"இது என்ன திருட்டு? குடுக்கிறேன்னு முன்னாடியே சொன்னதுதானே," என்றாள் இளையவள், பல் கிடுகிடுக்க. "காலுதான்க்கா உளையுது."

மூத்தவள் போர்வையை இழுத்துவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்தாள். இளையவளின் வலது காலை இரண்டு கையாலும் பிடித்து அமுக்க ஆரம்பித்தாள். இளையவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு சீராக வந்தது. தூக்கத்துக்குள் இறங்கப்போகிற குரலில் சொன்னாள்.

"நல்லாருக்குக்கா. வலது கால்லதான் கொஞ்சம் அழுத்தம் ஜாஸ்தி. இடது கால்ல அமுக்குறது இதமா இருக்கு."

மூத்தவள் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வலது காலில்தான் இருந்தன.

அறையில் தைலம் யாரும் திறக்கவில்லை. ஆனால் வாடை வந்தது.

இடது கால்மேல் கிடந்த போர்வை மெல்ல அமுங்கியது. எழும்பியது. அமுங்கியது.

உடம்பு முழுக்க மயிர் குத்திட்டு நின்றது. எழுந்து ஓடத்தான் கால் துடித்தது. ஆனால் அந்தப் பயத்துக்கும் அடியில், பழைய இடத்தில், பழையபடி ஒன்று சுரீர் என்று எரிந்தது. என் கை இதமில்லையாமே?

அவள் ஓடவில்லை. வலது காலில் தன் விரல்களை இன்னும் தளர்த்திக்கொண்டு, பூவை வைப்பதுபோல் அழுத்தினாள்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு இடது பக்கத்துப் போர்வை, விட்டுக்கொடுக்க மனமில்லாததுபோல், அதைவிட மெதுவாக அமுங்கியது.