யாரும் இல்லாத நேரத்துப் பதிவுகள்

கம்ப்யூட்டர் திரைக்கு மேலே இருந்த கேமராவின் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவள் யாரையும் வீடியோவில் அழைத்திருக்கவில்லை. பதிப்பகத்துக்காகப் பிழை திருத்திக்கொண்டிருந்த பக்கங்களை அப்படியே திறந்து வைத்துவிட்டு, மதியம் சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி முன்னறைக்கு வந்தவள், ஆளில்லாத மேசையில் இயந்திரத்தின் விசிறி மூச்சிரைப்பதுபோல் சுற்றுவதையும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனை அறை முழுக்கப் பரவியிருப்பதையும், அந்தச் சின்ன வெளிச்சம் தன்னையே பார்ப்பதையும் கண்டு வாசலிலேயே நின்றாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் புள்ளி அணைந்தது.

கொஞ்ச நாளாகவே கம்ப்யூட்டர் இழுத்துப் பறித்துக்கொண்டுதான் வேலை செய்தது. நேற்று மவுஸை அவள் தொடாதபோதே அம்பு நகர்ந்ததுபோல் இருந்தது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டாள். இன்று அப்படி விட முடியவில்லை. நாத்தனாருக்கு போன் செய்தாள்.

நாத்தனார் இரண்டு தெரு தள்ளி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். குடும்பத்தில் யாருடைய மெஷினுக்குச் சளி பிடித்தாலும் வைத்தியம் அவள்தான். விஷயத்தைக் கேட்டதும் அவள் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

"அண்ணி, முதல்ல நெட் கேபிளப் பிடுங்குங்க. வைஃபையையும் அணைச்சிடுங்க. வேற எதையும் தொடாதீங்க."

"மெஷின ஆஃப் பண்ணிடவா?"

"வேணாம், அப்படியே இருக்கட்டும். புதுசா எதையாவது இறக்கினீங்களா?"

ஸ்கேன் செய்த பக்கங்களை எழுத்தாக மாற்றித் தருகிற இலவசச் செயலி ஒன்றைப் போட்டதாக அவள் ஒப்புக்கொண்டாள். ஓசி என்றால் அண்ணிக்கு வாசலைத் திறந்து வைக்கத் தோன்றிவிடும் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனை வைத்தாள் நாத்தனார்.

வந்தவள் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். மெஷினை, அவசியமானது மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் எழுப்பினாள். பென்டிரைவில் கொண்டுவந்த வைரஸ் தேடும் மென்பொருளை ஓடவிட்டாள். அது ஓடுகிற நேரத்தில் தன் போனிலிருந்தே அண்ணியின் வங்கிக் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் மாற்ற வைத்தாள். எல்லாவற்றுக்கும் கல்யாண நாளையே கடவுச்சொல்லாக வைத்திருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். எங்கிருந்து எதை இறக்கலாம், வருகிற அப்டேட்டை ஏன் தள்ளிப் போடக்கூடாது என்று நாத்தனார் சொல்லச் சொல்ல, அவளுக்குப் பயம் மெல்ல வடிந்தது. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ தெருவில் சைக்கிள் மணியடித்தபடி போனார்கள். இது வெறும் திருட்டு வேலை. இதற்கு மருந்து இருக்கிறது.

மென்பொருள் ஒன்றைப் பிடித்தது. அந்த இலவசச் செயலியோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒட்டுக்கேட்கும் சரக்கு என்றாள் நாத்தனார். அறையில் சத்தம் கேட்டால் மைக்கை எழுப்பி, துண்டு துண்டாகப் பதிந்து, எங்கோ அனுப்புகிற வகை. அனுப்ப முடியாமல் தங்கிப்போன துண்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன.

"அழிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு கேட்டுப் பாத்துடலாம் அண்ணி. என்னென்ன வெளிய போயிருக்கும்னு தெரியணும்ல."

முதல் துண்டில் அவளுடைய இருமல். அடுத்ததில் அவள் கணவனோடு பேசியது. அவன் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். "சாப்டீங்களா? வண்டி எங்க நிக்குது?" என்று தன் குரலே கடைசி எழுத்தை இழுத்து இழுத்துக் கேட்டபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாவது துண்டு நேற்றுக் காலையில் பதிவானது. திருத்திய பக்கங்களைக் கொடுக்க அவள் பதிப்பகத்துக்குப் போயிருந்த நேரம். வீட்டைப் பூட்டிக்கொண்டுதான் போனாள்.

முதலில் ஒன்றுமில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும். பிறகு உள்ளறையிலிருந்து வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் நிதானமாக நெருங்கி வந்தது. இந்த நாற்காலி இழுபட்டது. மைக்குக்கு மிக அருகே யாரோ மூச்சு விட்டார்கள், பலநாள் பேசாத தொண்டையைச் சரி செய்துகொள்வதுபோல.

"சா...ப்... டீ..."

களிமண்ணை வாயில் அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"சாப்... டீங்... களா."

நாத்தனார் சிரிக்கவில்லை. குரல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருத்தி, கரகரப்பைக் குறைத்து, ஏற்ற இறக்கத்தைச் சரிபார்த்து. துண்டு முடியும்போது பேசியது ஒரு பெண். கடைசி எழுத்தை இழுக்கிற பெண்.

"வண்டி எங்க நிக்குது?" என்று அவள் குரலிலேயே அது கேட்டது.

"யாராவது உங்க குரல வச்சு ஏதாவது பண்ணிருப்பாங்க," என்றாள் நாத்தனார். சொல்லும்போது திரையைத்தான் பார்த்தாள், அண்ணியைப் பார்க்கவில்லை. "இப்ப அதெல்லாம் சுலபமா பண்றாங்க."

ஆனால் நாற்காலி இழுபட்டதே.

கடைசித் துண்டு இன்று மதியத்தினுடையது. கேபிளைப் பிடுங்கிய பிறகு பதிந்தது. அவள் நாத்தனாரோடு போனில் பேசியது. அவளுடைய பேச்சு மட்டும்தான் கேட்டது.

"மெஷின ஆஃப் பண்ணிடவா?"

அதன் கீழேயே, இம்மி தாமதித்து, கிசுகிசுப்பாக: "மெஷின ஆஃப் பண்ணிடவா?"

அவள் பேசிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் அது இருந்தது. அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

விசிறியின் இரைச்சல் நின்றிருந்தது. அறை அமைதி. உள்ளறைக் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. அவள் திரும்பவில்லை.

நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இருவரும் எழுந்தார்கள். செருப்பு போடவில்லை. வாசற்கதவைச் சாத்தவில்லை.

எதிர்ப்பக்கத்து மருந்துக் கடை வாசலில் போய் நின்ற பிறகுதான் மூச்சு வந்தது. நாத்தனார் போலீசுக்குப் பேசினாள். வீட்டில் யாரோ புகுந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். வேறு எப்படிச் சொல்வது. அவள் தன் கணவனுக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தாள். இன்று சாயங்காலம் திரும்புகிறவன். அவன் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டான். தெருமுனையில் அவன் தலை தெரிந்தால் ஓடிப்போய் மறித்துவிட வேண்டும் என்று அவள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

கடைசியில் எடுத்தான்.

"எங்க இருக்கீங்க? வீட்டுக்குப் போகாதீங்க. சொல்றதக் கேளுங்க, வீட்டுக்கு மட்டும்..."

"வீட்லதான இருக்கேன்." சோர்ந்த குரலில் லேசாகச் சிரித்தான். "டிப்போலேர்ந்து குறுக்கு வழியா வந்துட்டேன். நீதான இப்ப பின்கதவத் தொறந்த? சமையல்கட்டுல நின்னுகிட்டு எதுக்கு போன் பண்ற?"

அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

எதிரே, அவள் வீட்டு முன்னறையில் விளக்கு எரிந்தது. ஜன்னல் திரைச்சீலையில் அவன் நிழல் விழுந்தது, காதில் போனோடு. பக்கத்தில் இன்னொரு நிழல் வந்து நின்றது. அவள் உயரம். அவள் கொண்டை.

போனுக்குள், அவனுக்குக் கொஞ்சம் தள்ளி, அவள் குரல் கேட்டது. தெளிவாக. அன்பாக. இதுவரை அவள் சொல்லியே இராத ஒன்றைச் சொன்னது.

"குடுங்க, நான் பேசிக்கறேன்."

நிழல் கையை நீட்டியது. அவன் போனைக் கொடுத்தான்.