உள்பக்கத் தாழ்ப்பாள்

கோர்ட்டுக்குக் கிளம்பிய அவசரத்தில், தையல்காரி பழக்க தோஷத்தில் பக்கத்து வீட்டுச் சுவரை இரண்டு முறை தட்டிவிட்டாள்.

தட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் ஆள் ஏது? வணிக வளாகம் கட்ட வந்த கம்பெனி ஒவ்வொரு குடும்பமாகக் கிளப்பிவிட்டு, கரண்டைப் பிடுங்கி, கதவுகளில் பூட்டைத் தொங்கவிட்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் மிச்சம் அவள் ஒருத்திதான்.

பக்கத்து வீட்டு அக்கா இருந்தவரை இப்படித்தான். தையல்காரி வெளியே போவதென்றால் சுவரில் இரண்டு தட்டு. அக்கா பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடும் ஈரக் காலோடும் வந்து, நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு காவல் இருப்பாள். யார் தட்டினாலும் "யாரு?" என்று ஓர் அதட்டல், பின்னாலேயே ஓர் இருமல். வந்தவன் வாசலோடு திரும்பிவிடுவான்.

அப்பேர்ப்பட்ட அக்காவே கம்பெனியின் நச்சரிப்புத் தாங்காமல் கையெழுத்துப் போட்டாள். ஊருக்கு வெளியே ஏதோ ஓர் உயரமான மாடியில் குடிவைத்தார்கள். பேச ஓர் ஆள் இல்லாமல் சில மாதங்களிலேயே போய்ச் சேர்ந்தாள். கீழ் வீட்டுக்காரர்களிலும் சிலர் அப்படியே போனார்கள்.

தையல்காரி கையெழுத்துப் போடவில்லை. வீட்டில் ஆள் இருக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கியிருந்தாள். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பூட்டைப் போட்டு, காலி வீடு என்று சாதிக்க, கம்பெனியின் சூப்பர்வைசர் தெருமுனை டீக்கடையில் பழியாய்க் கிடந்தான். அவள் இன்று போகாவிட்டால் வழக்கே தள்ளுபடியாகிவிடும்.

கோர்ட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தடையை நீட்டித்து, வழக்கைத் தள்ளி வைத்ததும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

சூப்பர்வைசர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். புதுப் பூட்டு இன்னும் கையில்தான் இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"உள்ள ஆள வெச்சிட்டுப் போறீங்களே, சொல்லக் கூடாதாம்மா?"

"ஆளா? யாரு?"

"கதவத் தொட்டதும் ஒரு பொம்பளக் குரல் 'யாரு?'ன்னு கேட்டுச்சு. அப்புறம் ஒரு இருமல்." எழுந்தான். "அந்த இருமல எனக்குத் தெரியும்மா."

அதற்குமேல் நிற்காமல் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனான்.

விளக்கில்லாத படிகளில் அவள் ஏறினாள். பட்டப்பகலிலும் அங்கே இருட்டு. ஈரச் சுவர் வாடைக்கு நடுவே பாத்திரம் தேய்க்கும் சோப்பு மணந்தது.

சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினாள்.

"யாரு?"

இருமல்.

"நான்தான்க்கா..."

தாழ்ப்பாள் மெல்ல விலகியது.

உள்ளே யாரும் இல்லை. பாதி தைத்த துணி மிஷினில் அப்படியே கிடந்தது. மூலையில் இருந்த நாற்காலி கதவோரம் வந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து நாற்காலிவரை ஈரக் கால் தடங்கள். திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

"வீட்டக் காப்பாத்திட்டக்கா. நான்தான் வந்துட்டேனே. நீ கிளம்புக்கா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சூப்பர்வைசர் வாசல் வாசலாக நின்று சொன்னதும் இதையேதான்.

காதோரம் ஒரு குளிர்ந்த மூச்சு.

"எங்கடி போவேன்?"

அவள் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் தானாக விழுந்தது.

கீழ் வீட்டில், கம்பெனிப் பூட்டுத் தொங்கும் கதவுக்கு உள்ளே, இன்னொரு தாழ்ப்பாள் விழுந்தது.

அதற்கும் கீழே ஒன்று.

பிறகு, கட்டடம் முழுக்க, யார் யாரோ நாற்காலிகளைக் கதவோரம் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.